20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆடிய இங்கிலாந்து கால்பந்து கோல்கீப்பர்களில் சிறந்தவர் யார்?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் வில்லி ஃபோல்க் பெயர்தான் முதலில் வரும். ஆறடிக்கு மேல் உயரம், 120 கிலோவைத் தாண்டிய எடை, 1905இல் செல்சி கிளப்பின் முதல் கோல்கீப்பர். சுவாரசியமான மனிதர், சந்தேகமில்லை. ஆனால் கதை சொல்ல ஆள் வேண்டுமென்றால் ஃபோல்க். கோல் கம்பத்துக்கு நடுவே நிறுத்த ஆள் வேண்டுமென்றால் என் ஓட்டு சாம் ஹார்டிக்குத்தான்.

ஹார்டி 1882இல் டெர்பிஷயரில் பிறந்தவர். செஸ்டர்ஃபீல்டு அணிக்கு ஆடிக்கொண்டிருந்தபோது லிவர்பூலிடம் ஒரே ஆட்டத்தில் ஆறு கோல் வாங்கினார். அதே ஆட்டத்தைப் பார்த்துத்தான் லிவர்பூல் மேனேஜர் டாம் வாட்சன் அவரை 1905இல் வாங்கினார் என்று சொல்வார்கள். ஆறு கோல் விட்டவரிடம் என்னத்தைப் பார்த்திருப்பார்? உள்ளே போகாத பந்துகளைப் பார்த்திருப்பார், வேறென்ன!

அப்போது லிவர்பூல் கோலில் நின்றவர் நெட் டோய்க், நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தவர். 1905-06 சீசன் தொடங்கியதும் கோல்கள் மளமளவென்று விழ, அந்த இடம் ஹார்டிக்குக் கிடைத்தது. லீகின் கீழ்த்தட்டான இரண்டாம் டிவிஷனிலிருந்து அப்போதுதான் மேலே ஏறி வந்திருந்த லிவர்பூல், அந்த சீசனிலேயே லீக் சாம்பியன் ஆனது.

அவருடைய பாணியைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்தக் கால கோல்கீப்பர்கள் கையில் பந்தை வைத்திருந்தால் எதிரணிக்காரர் தோளால் இடித்துத் தள்ளலாம், தப்பில்லை. 1912 வரை தன் பாதி மைதானம் முழுக்கவே கோல்கீப்பர் பந்தைக் கையால் தொடலாம் என்ற விதியும் இருந்தது. அதனால் சிலர் கோலை விட்டு ஓடி வந்து சாகசம் காட்டுவார்கள். ஹார்டி அந்த ரகம் இல்லை. பந்து எங்கே வரப் போகிறது என்று முன்கூட்டியே கணித்து இரண்டடி நகர்ந்து நிற்பார். பந்து நேராக அவர் கைக்கே வந்து சேரும். எட்டிப் பாய்வது, விழுந்து புரள்வது எல்லாம் அபூர்வம். பார்க்கிறவர்களுக்கு 'இதை யாரும் பிடிப்பார்களே' என்றுதான் தோன்றும். நானும் உள்ளூர் அணியில் கொஞ்ச காலம் கோல் காத்தவன் என்பதால் சொல்கிறேன், கைதட்டல் பாய்கிறவனுக்குத்தான் கிடைக்கும். சரியான இடத்தில் நின்றவனை யார் கவனிக்கிறார்கள்?

1912இல் ஆஸ்டன் வில்லாவுக்குப் போனார். மறு வருடமே லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில், இங்கிலாந்தின் பெரிய நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம், ஏறத்தாழ 1,20,000 பேர் கூட்டம், எதிரே அந்த ஆண்டின் லீக் சாம்பியன் சண்டர்லாண்ட். இரண்டாம் பாதியில் ஹார்டிக்கு அடிபட்டது. மாற்று ஆட்டக்காரர் என்ற பேச்சே அன்று கிடையாது. நடுக்களத்தில் ஆடிய ஜிம்மி ஹாரப் கோலில் போய் நின்றார், வில்லா பத்துப் பேரோடு சமாளித்தது. சிகிச்சை முடிந்து ஹார்டி திரும்பி வந்தார்; டாமி பார்பர் தலையால் முட்டிப் போட்ட ஒரே கோலில் வில்லா ஜெயித்தது. 1920இல் ஹடர்ஸ்ஃபீல்டை வென்று இன்னொரு கோப்பை. அப்போது அவருக்கு வயது 37.

அதோடும் நிற்கவில்லை. 1921இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டில் சேர்ந்தார், அடுத்த ஆண்டு அந்த அணி இரண்டாம் டிவிஷன் பட்டம் வென்றது. 1925இல்தான் ஓய்வு.

இங்கிலாந்துக்காக அவர் ஆடியது 21 ஆட்டங்கள். இவ்வளவுதானா என்று இன்றைய கணக்கில் கேட்கக் கூடாது. அன்று இங்கிலாந்துக்கு வருடத்துக்குப் பெரும்பாலும் மூன்று ஆட்டங்கள்தான்: ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து. நடுவில் முதல் உலகப் போர் வேறு சில சீசன்களைத் தின்றுவிட்டது. அதற்கு முன்னும் பின்னும், 1907இலும் 1920இலும், இங்கிலாந்து கோலில் நின்றவர் இவர்தான்.