கொரிய மொழியா, தாய்லாந்து மொழியா: தமிழருக்கு எது கைவரும்?

கேள்வி: வாகன உதிரிபாகங்கள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணியாற்றுகிறேன். அடுத்த ஆண்டு என்னைத் தென்கொரியாவுக்கோ தாய்லாந்துக்கோ அனுப்பக்கூடும்; எங்கே என்பது இன்னும் முடிவாகவில்லை. ஒரு மொழிக்கு மட்டுமே வகுப்புக் கட்டணத்தை நிறுவனம் ஏற்கும். தாய்லாந்து மொழியைவிடக் கொரிய மொழிக்கு இரு மடங்கு காலம் ஆகும் என்கிறார் ஒரு நண்பர். கொரியம் தமிழுக்கு உறவு மொழி, அதனால் எளிது என்கிறார் மற்றொருவர். யார் சொல்வதை நம்புவது?

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. முதல் நண்பர் குறிப்பிடுவது அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம் வெளியிடும் மதிப்பீடாக இருக்க வேண்டும். அலுவல் பணிக்குப் போதிய தேர்ச்சி பெறக் கொரியத்துக்கு ஏறத்தாழ 2,200 வகுப்பு மணி நேரமும், தாய்லாந்து மொழிக்கு ஏறத்தாழ 1,100 மணி நேரமும் தேவை என்று அது கணக்கிடுகிறது. ஆனால் அந்தக் கணக்கு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்காகப் போடப்பட்டது. எழுவாய், வினை, செயப்படுபொருள் என்று ஆங்கிலத்தின் வரிசையிலேயே செல்லும் தாய்லாந்து மொழி வாக்கியம் அவர்களுக்கு இயல்பாக வருகிறது. வினையை வாக்கியத்தின் கடைசியில் வைக்கும் கொரியம் அவர்களைத் திணறடிக்கிறது. தமிழருக்கு இந்த நிலைமை தலைகீழாக மாறிவிடுகிறது.

இரண்டாம் நண்பரின் கருத்தும் பழையதுதான். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-இலேயே கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கண நூல் ஒன்றை எழுதினார். இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. 'அப்பா' என்ற சொல் இரண்டிலும் இருப்பதைச் சமூக ஊடகங்களில் வியந்து பகிர்கிறார்கள். குழந்தையின் வாயில் முதலில் வரும் ஒலிகளால் ஆன இத்தகைய சொற்கள் தொடர்பே இல்லாத பல மொழிகளில் ஒத்திருக்கும் என்பதால் அவற்றைச் சான்றாகக் கொள்ள முடியாது. கொரியமும் தாய்லாந்து மொழியும் தம்முள்ளும் உறவில்லாதவை. ஆயினும் உறவு வேறு, அமைப்பு வேறு. அமைப்பில் கொரியம் தமிழுக்கு வியக்கத்தக்க அளவு நெருங்கி நிற்கிறது.

'ஜிப்' என்றால் வீடு. 'ஜிபே' என்றால் வீட்டுக்கு. 'ஜிபெசொ' என்றால் இடத்துக்கு ஏற்ப வீட்டில் அல்லது வீட்டிலிருந்து. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்வது நமக்குப் பழகிய வழக்கம். 'ஒஜே பொன் யொங்ஹ்வா' என்ற தொடரைப் பாருங்கள்: நேற்று, பார்த்த, திரைப்படம். நம் பெயரெச்சம் அதே இடத்தில், அதே வேலையைச் செய்கிறது. இதைவிட அழகானது துணைவினை. 'மொகொ பொசெயோ' என்பதைச் சொல்லுக்குச் சொல் எடுத்தால் 'சாப்பிட்டுப் பாருங்கள்' என்றே வரும். பார்த்தல் என்னும் வினை முயன்றறியும் பொருளில் வருவதை ஆங்கிலேயருக்குத் தனிப்பாடமாக நடத்த வேண்டும், உங்களுக்கு ஒரு நொடி போதும். 'செய்துவிடு', 'செய்து கொடு' போன்ற தொடர்களுக்கும் இணையான அமைப்புகள் அங்கே உண்டு. தமிழைவிட எளிதான ஓர் இடமும் இருக்கிறது: நான், அவர், அவர்கள் என்று எழுவாய் மாறினாலும் வினைமுற்றின் விகுதி அதற்கேற்ப மாறுவதில்லை.

எழுத்து இன்னும் எளிது. செஜோங் மன்னர் 1443-இல் உருவாக்கி 1446-இல் வெளியிட்ட ஹங்குல் எழுத்துமுறையில் இன்று அடிப்படை எழுத்துகள் 24 மட்டுமே. ஒரே எழுத்து 'கல்'லில் ஒருவிதமாகவும் 'பகல்', 'தங்கம்' ஆகிய சொற்களில் வேறுவிதமாகவும் ஒலிப்பதைப் போலவே, கொரிய எழுத்தும் உயிர்களுக்கு நடுவிலும் மெல்லெழுத்துக்குப் பின்னும் மென்மையடைகிறது. 'குக்' உடன் 'முல்' சேர்ந்தால் 'குங்முல்' ஆவதும், புணர்ச்சி விதிகளைப் படித்தவரை வியப்பில் ஆழ்த்தாது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. சந்திரன், முகமூடி, மகள் ஆகிய மூன்றுக்கும் உரிய கொரியச் சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றும் 'தல்' என்றே ஆகும். அங்கே முதல் ஒலி இயல்பாகவும், மூச்சு கலந்தும், தொண்டையை இறுக்கியும் மூன்று வகையாக வருகிறது. இதைப் பிரித்தறியத் தமிழ்க் காதுக்குப் பல மாதங்கள் பிடிக்கும். அடுத்தது மரியாதை. நீ, நீங்கள் என்ற பாகுபாட்டோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். கொரியத்தில் கேட்பவரின் வயது, பதவி, நெருக்கம் ஆகியவற்றைப் பொறுத்து வாக்கியத்தின் இறுதியே மாறும், பேசப்படும் நபருக்காக வினையின் நடுவிலும் ஒரு மரியாதைக் குறி நுழையும். தொழிற்சாலை மேலாளரிடம் தோழரிடம் பேசும் முடிவைப் பயன்படுத்தினால், இலக்கணம் சரியாக இருந்தும் உரையாடல் கெட்டுவிடும். ஆகவே கொரியத்தில் தொடக்கம் சுகமானது. கடினம் இரண்டாம் ஆண்டில்தான் முழுதாகத் தெரியவரும்.

தாய்லாந்து மொழியில் கடினம் முதல் நாளே வாசலில் நிற்கிறது. சமம், தாழ்வு, இறக்கம், உயர்வு, ஏற்றம் என ஐந்து தொனிகள் உள்ளன. 'மா' என்ற ஒரே அசை தொனிக்கு ஏற்ப வருதல், குதிரை, நாய் என்று பொருள் மாறும். 'கிளாய்' என்பதைச் சம தொனியில் சொன்னால் தொலைவு, இறங்கு தொனியில் சொன்னால் அருகு. பாங்காக்கில் வழி கேட்பவருக்கு இது விளையாட்டான விஷயமன்று. தொனியோடு மூச்சொலியும் சேர்ந்துகொள்கிறது. மூச்சில்லாத 'பை' போதலைக் குறிக்கும். மூச்சு கலந்த 'பை' ஆபத்தைக் குறிக்கும், அது நம் 'பயம்' வந்த அதே வடசொல்லின் வழி வந்தது.

இந்தத் தடையைத் தாண்டினால் இலக்கணம் மிக இலேசானது. வேற்றுமை உருபு கிடையாது, விகுதி கிடையாது. காலத்தைக் காட்ட வினைக்கு முன்னோ பின்னோ ஒரு சொல்லை வைத்தால் போதும். சொற்களிலும் நமக்குத் துணை உண்டு: உணவுக்கு 'ஆஹான்', ஆசிரியருக்கு 'க்ரூ', மொழிக்கு 'பாஸா', நேரத்துக்கு 'வேலா'. ஆகாரம், குரு, பாஷை, வேளை என்று இவற்றை எவரும் அடையாளம் காணலாம். எழுத்தும் பல்லவ எழுத்திலிருந்து கம்போடியாவின் கெமர் எழுத்து வழியாக வந்தது. எகரக் கொம்பை நாம் மெய்க்கு முன்னால் எழுதுவதைப் போலவே அங்கும் சில உயிர்க்குறிகள் முன்னால் நிற்கின்றன. ஆனால் மெய்யெழுத்துகள் 44, சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை, வடசொற்களை மூல எழுத்துகளோடு எழுதிவிட்டு உச்சரிப்பில் சுருக்கிவிடுகிறார்கள். சுவர்ணபூமி என்னும் விமான நிலையத்தின் பெயர் அவர்கள் வாயில் 'சுவன்னபூம்' ஆகிறது.

இரண்டுக்கும் பொதுவான ஓர் எச்சரிக்கை: க், ப், த் ஆகியவை சொல்லின் கடைசியில் வந்தால் காற்றை வெளிவிடாமல் நிறுத்த வேண்டும். உகரம் சேர்த்து முடிக்கும் நம் பழக்கம் கொரியத்தில் ஓர் அசையைக் கூட்டிவிடும். ஆண்கள் பணிவாகப் பேசும்போது தாய்லாந்து வாக்கியத்தின் முடிவில் சேர்க்கும் 'க்ரப்' என்பதும் 'கிராப்பு' ஆகிவிடும். பொதுவான ஒரு வசதியும் உண்டு: சீன வழிவந்த எண்களால் முப்பது என்பது தாய்லாந்து மொழியில் 'சாம்சிப்', கொரியத்தில் 'சம்சிப்'.

பணியிடம் முடிவாகாத நிலையில் என் பரிந்துரை கொரியம்தான். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் தயாரித்துவரும் ஹூண்டாய் போன்ற கொரிய நிறுவனங்கள் நம் ஊரிலேயே இருப்பதால், வெளிநாட்டுப் பணி கைகூடாவிட்டாலும் படித்தது பயன்படும். கொரிய மொழித் திறனைச் சோதிக்கும், ஆறு நிலைகள் கொண்ட டோபிக் தேர்வின் சான்றிதழும் கிடைக்கும். தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதி மனப்பாடம் செய்யாமல் முதல் வாரத்திலேயே ஹங்குலுக்கு மாறிவிடுங்கள்.

சில மாதங்களில் தாய்லாந்துக்குப் புறப்பட வேண்டும் என்று உறுதியானால் மட்டும் முடிவை மாற்றிக்கொள்ளுங்கள். அப்போது முதல் ஆறு வாரங்களைத் தொனிப் பயிற்சிக்கே ஒதுக்கும் ஆசிரியரைத் தேடுங்கள். எழுத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்பவரைத் தவிர்த்துவிடுங்கள். ஓர் அசையின் தொனியை முடிவு செய்வதே மெய்யெழுத்தின் வகையும், உயிரின் குறில் நெடிலும், அசையின் இறுதி ஒலியும், மேலே இடும் குறியும்தான்.