ஃபோனில் சொன்னால் வாடகை ஏறாது

கேள்வி: அக்கா, எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். அயர்லாந்தில் மேயோ கவுண்டி, காசில்பாரில் நர்ஸாக இருக்கிறேன். வந்து 14 மாதம். வந்த நாளிலிருந்து ஒரே வீடுதான். இரண்டு படுக்கையறை, மாதம் 1,100 யூரோ. போன வாரம் வீட்டுக்காரர் ஃபோன் செய்து, "அடுத்த மாதத்திலிருந்து 1,400 தரணும், முடியாதென்றால் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். வரும் ஜூனில் கணவரும் ஏழு வயது மகளும் வருகிறார்கள். பெல்முல்லட் போகும் வழியில், ஐம்பது கிலோமீட்டர் தள்ளி 850 யூரோவுக்கு ஒரு வீடு இருப்பதாகத் தோழி சொல்கிறாள். செப்டம்பரிலிருந்து மே வரை தருவார்களாம், பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். தகராறு செய்தால் என் பெர்மிட்டுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். கேட்டதைக் கொடுத்துவிடவா, காலி செய்துவிடவா? (பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புத் தங்கைக்கு,

இரண்டும் வேண்டாம். 1,400 கொடுக்காதே, வீட்டையும் விடாதே. வழக்கமான தேதியில் வழக்கமான 1,100 யூரோவை வங்கி வழியாகவே கட்டிக்கொண்டிரு. ஒரு மாதம்கூடத் தவறக் கூடாது, தாமதமாகவும் கூடாது. வாடகை பாக்கி என்ற ஒன்றை மட்டும் அவர் கையில் கொடுத்துவிடாதே.

வாடகையை எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கான வரம்பு முன்பு அயர்லாந்தின் சில பகுதிகளுக்கு மட்டும்தான் இருந்தது. டப்ளின், கார்க் போன்ற நெருக்கடியான இடங்களுக்காக 2016 டிசம்பரில் கொண்டுவந்த ஏற்பாடு அது. 2025 ஜூன் 20-லிருந்து அதை நாடு முழுவதற்கும் விரித்துவிட்டார்கள். மேயோவின் கடைசிக் குக்கிராமம் வரை இப்போது அதற்குள் வந்துவிட்டது. உன்னைப்போல ஏற்கெனவே குடியிருப்பவருக்கு ஆண்டு உயர்வு பணவீக்க விகிதம் அல்லது 2 சதவீதம், இரண்டில் எது குறைவோ அவ்வளவுதான். 1,100-க்கு 2 சதவீதம் என்றால் 22 யூரோ. அவர் கேட்பது 300. ஆண்டுக்கு 3,600 யூரோ. உன் மகளின் விமான டிக்கெட்டும் குளிர்கால உடுப்பும் பள்ளிச் செலவும் அதற்குள் அடங்கிவிடும்.

அந்த 22 யூரோவைக்கூட ஃபோனில் சொல்லி ஏற்ற முடியாது. உரிய படிவத்தில், எழுத்தில், குறைந்தது 90 நாள் முன்னதாக அறிவிப்பு தர வேண்டும். கணக்கு எப்படி வந்தது என்பதும் அதில் இருக்க வேண்டும். முதல் உயர்வுக்கு எத்தனை மாதம் கழிந்திருக்க வேண்டும் என்பது உன் ஒப்பந்தம் தொடங்கிய தேதியைப் பொறுத்தது. அந்தத் தேதியைச் சொல்லி ஆர்டிபி என்ற குடியிருப்பு வாடகை வாரியத்திடம் கேட்டால் உனக்கு எது பொருந்தும் என்று சொல்வார்கள். அவர்கள் தளத்தில் வாடகை கணக்கிடும் கருவி ஒன்று இருக்கிறது, அதையும் போட்டுப் பார்.

இன்றைக்கே வீட்டுக்காரருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பு. நீளமாக வேண்டாம்: "ஃபோனில் சொன்ன வாடகை உயர்வை உரிய படிவத்தில் எழுதி அனுப்புங்கள். அதுவரை 1,100 யூரோவைத் தொடர்ந்து கட்டுகிறேன்." கோபமோ மன்னிப்போ அதில் வேண்டாம். ஃபோன் வந்த தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் நினைவிருக்கும்போதே ஒரு நோட்டில் எழுதி வை. அவர் எழுத்தில் அனுப்பி, தொகை அப்போதும் தப்பாக இருந்தால், புது வாடகை தொடங்கும் தேதிக்கு முன்பே ஆர்டிபியில் புகார் பதிந்துவிடு. சமரசப் பேச்சுக்குக் கட்டணம் கிடையாது. தீர்ப்பாளர் விசாரணை வேண்டுமென்றால் ஆன்லைனில் 15 யூரோ. அவர் இந்த வாடகையை வாரியத்தில் பதிவே செய்யாமல் இருந்தாலும் நீ புகார் கொடுக்கலாம். பதிவு செய்யாதவரால்தான் உன்மேல் கொடுக்க முடியாது. படிவத்தைப் பார்த்து மலைப்பாக இருந்தால் த்ரெஷோல்ட் என்ற தொண்டு நிறுவனத்தைக் கூப்பிடு. வாடகைக்கு இருப்பவர்களுக்காகவே இருப்பவர்கள், இலவசமாக உதவுவார்கள்.

இனி, உன் கடிதத்தில் என் மனதை அதிகம் பிசைந்த வரி: "பெர்மிட்டுக்கு ஏதாவது ஆகிவிடுமோ." ஆகாது, தங்கச்சி. உன் பெர்மிட் உன் வேலையோடு கட்டப்பட்டது, வீட்டோடு அல்ல. வாடகைத் தகராறைப் பார்க்கும் வாரியம் வேறு, குடியேற்றத் துறை வேறு. புகார் கொடுத்ததற்காகக் குடியிருப்பவரைப் பழிவாங்கக் கூடாது என்று 2004-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்திலேயே இருக்கிறது. நானும் வந்த புதிதில் இப்படித்தான் பயந்தேன். என் முதல் வீட்டில் ஒரு வரிகூட எழுதித் தராமல் இரண்டு முறை ஏற்றினார்கள். வாயைத் திறக்காமல் கொடுத்தேன். நம் ஊரில் வீட்டுக்காரர் சொன்னால் சொன்னதுதான் என்று பார்த்து வளர்ந்த பழக்கம். அந்தப் பணம் போனதைவிட, கேட்காமல் இருந்தோமே என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. உனக்கு அது வேண்டாம்.

"வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள்" என்றாரே, அதுவும் வாய்ப்பேச்சுதான். ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டால் இங்கே குடியிருப்பவருக்குப் பாதுகாப்பு வந்துவிடுகிறது. வீட்டை விற்கப் போகிறார், தானோ பிள்ளைகளோ குடிவரப் போகிறார்கள், பெரிய அளவில் திருத்திக் கட்டப் போகிறார் என்பதுபோலச் சட்டம் ஏற்கும் காரணம் வேண்டும். காரணம் இருந்தாலும் ஓராண்டைத் தாண்டிய உனக்கு 180 நாள் அவகாசத்தோடு எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். அதிக வாடகை தரமாட்டேன் என்பது அந்தக் காரணங்களில் இல்லை.

850 யூரோ வீட்டுக்கு வருகிறேன். செப்டம்பர் முதல் மே வரை என்கிறார்களே, ஏன் என்று கேட்டாயா? மேற்கு அயர்லாந்தின் கடலோரங்களில் பல வீடுகளைக் குளிர்காலத்துக்கு மட்டும் வாடகைக்கு விடுவார்கள். ஜூன் வந்தால் சுற்றுலாப் பயணிகளுக்கு வாரக் கணக்கில் விட்டுச் சம்பாதிக்கலாம். வெஸ்ட்போர்ட்டிலிருந்து ஆக்கில் வரை 42 கிலோமீட்டர் சைக்கிள் பாதை போட்ட பிறகு அந்தப் பக்கம் கூட்டம் இன்னும் கூடியிருக்கிறது. மே மாதம் நீ பெட்டியைக் கட்டுவாய், ஜூனில் உன் மகள் வந்து இறங்குவாள். ஆறு மாதம் குடியிருந்தால் அந்த வீட்டிலும் உனக்கு உரிமை வரும் என்பது உண்மைதான். ஆனால் குழந்தை வரும் மாதத்தில் புது ஊரில் புது வழக்கா?

தூரத்தையும் கணக்குப் போடு. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் மாதத்துக்குப் பதினான்கு என்றால், போக வர நூறு கிலோமீட்டர் வீதம் 1,400 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு ஆறு லிட்டர் என்று வைத்தாலும் 84 லிட்டர். பம்ப்பில் இன்றைக்கு என்ன விலையோ அதால் பெருக்கு, மிச்சப்படுத்துவதாக நினைத்த 250 யூரோவில் பாதி அங்கேயே போய்விடும். காரும் அதற்கு இன்சூரன்ஸும் தனி. வண்டி ஓட்டும் உரிமத்தை நீ குறிப்பிடவில்லை. இந்திய உரிமத்தை இங்கே மாற்றித் தரமாட்டார்கள். குடிவந்து ஓராண்டைத் தாண்டிவிட்டால் அதை வைத்து ஓட்டவும் முடியாது. கற்றுக்கொள்வோர் பர்மிட்டிலிருந்து தொடங்க வேண்டும். நைட் டூட்டி முடித்து, டிசம்பரில் காலை எட்டு மணிக்கும் விடியாத இருட்டில், விளக்கில்லாத சாலையில் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுவதை நினைத்தாலே எனக்குப் பதைக்கிறது. லோக்கல் லிங்க் என்ற கிராமப்புற பஸ்ஸை நம்பி ஷிஃப்ட் வேலை பார்ப்பதும் கஷ்டம். சூடேற்றும் செலவும் உண்டு: அந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் மண்ணெண்ணெய் பாய்லர்தான். வீடு எவ்வளவு ஆற்றல் தின்னும் என்று காட்டும் பிஇஆர் சான்றிதழில் கடைசித் தரங்களான எஃப், ஜி என்று இருந்தால் ஊற்றும் எண்ணெயெல்லாம் சுவர் வழியாகப் போய்விடும்.

அதே கிராமங்களில் எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது என்று பார்த்திருப்பாய். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் காலியாக இருந்தவை 1,60,000-க்கு மேல். யாரும் தங்காத விடுமுறை வீடுகள் அதற்கு மேல் 66,000-க்கும் அதிகம். முதியோர் இல்லத்துக்குப் போனவர்களின் வீடுகள், அமெரிக்காவில் இருக்கும் வாரிசுகள் முடிவெடுக்காத வீடுகள். காலி வீட்டைத் திருத்த 50,000 யூரோ வரை, பாழடைந்ததற்கு 70,000 வரை அரசு மானியம் தருகிறது. திருத்தி வாடகைக்கு விடுவதற்கும் 2023-லிருந்து கிடைக்கிறது. என்றாலும் கதவுகள் மெதுவாகத்தான் திறக்கின்றன. அந்த ஊர் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸுக்கு அந்த ஊரில் வீடில்லை என்பது எனக்குத் தாங்கவில்லை.

உனக்கு வர வேண்டிய பணம் ஒன்றும் இருக்கிறது. வாடகைக்கான வரிச் சலுகை கேட்டிருக்கிறாயா? கட்டிய வாடகையில் 20 சதவீதம், தனியாளுக்கு ஆண்டுக்கு 1,000 யூரோ வரை. கணவர் வந்து சேர்ந்து வரி கட்டத் தொடங்கினால் 2,000 வரை. ரெவின்யூ என்ற வரித் துறையின் மைஅக்கவுண்ட் என்ற ஆன்லைன் கணக்கில் நீயே கேட்கலாம், விட்டுப்போன ஆண்டுக்கும் சேர்த்து.

பிறகு எப்போதாவது வேறு வீடு பார்க்க நேர்ந்தால், நம் ஊர்போலப் பத்து மாத அட்வான்ஸ் கேட்பவரிடம் மயங்கிவிடாதே. ஒரு மாத டெபாசிட், ஒரு மாத முன்வாடகை. அதற்கு மேல் முன்கூட்டி வாங்க 2021 ஆகஸ்ட்டிலிருந்து சட்டத்தில் இடமில்லை. வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு யூரோவும் அனுப்பாதே.

மின்னஞ்சலை இன்றிரவே அனுப்பு. வீட்டுக்காரரின் பதில் வந்ததும், என்ன எழுதியிருக்கிறார் என்று எனக்கு அனுப்பு. சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
அக்கா