அமெரிக்காவில் கவசத்தைத் துளைக்கும் தோட்டா வாங்கலாமா? பச்சை முனைத் தோட்டாவும் அதில் சேருமா?

பச்சை முனை, அதாவது முனையில் பச்சை வண்ணம் பூசிய எம்855 ரைபிள் தோட்டா, சேராது. கடைகளில் பெட்டி பெட்டியாக விற்கிறார்கள். ஆனால் நான் சுடப் பழகப் போகும் உள்ளரங்க ரேஞ்சில் (துப்பாக்கி சுடும் தளம்) அதைச் சுட விடமாட்டார்கள். கடையில் கிடைப்பதை ஏன் ரேஞ்சில் மறுக்கிறார்கள் என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள்.

மத்திய அரசின் தடை 1986-இல் வந்தது. அது தோட்டா எதைத் துளைக்கும் என்று பார்ப்பதில்லை. குண்டோ அதன் உட்கருவோ எதனால் ஆனது, கைத்துப்பாக்கியில் போட்டுச் சுட முடியுமா, இதைத்தான் பார்க்கிறது. முழுக்க எஃகு, இரும்பு, பித்தளை, வெண்கலம், டங்ஸ்டன் கலவை போன்றவற்றால் ஆனது என்றால் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது. காவல்துறை, ராணுவம் போன்ற சில விலக்குகள் உண்டு. கையில் வைத்திருப்பதை மத்திய சட்டம் பொதுவாகத் தடுக்கவில்லை. சில மாநிலங்கள் தடுக்கின்றன.

ஏன் கைத்துப்பாக்கி மட்டும்? போலீசார் அணியும் மென்கவசம் கைத்துப்பாக்கிக் குண்டுக்காகச் செய்தது. மான் வேட்டைக்குப் போகும் சாதாரண ஈயக் குண்டுகூட ரைபிளிலிருந்து வந்தால் அதைக் கிழித்துக்கொண்டு போய்விடும். துளைக்கும் திறனை அளவுகோலாக வைத்திருந்தால் வேட்டைத் தோட்டாக்களில் பெரும்பாலானவை தடைக்குள் வந்திருக்கும். அப்புறம், குண்டின் மேல் பூசிய டெஃப்லான்தான் கவசத்தைத் துளைக்கிறது என்ற கதை: அந்தப் பூச்சு கவசத்தைத் துளைக்க அல்ல, துப்பாக்கிக் குழல் தேயாமல் இருக்க. துளைத்தது உள்ளே இருந்த கடின உலோகம். இன்றும் நம்ப மறுப்பவர்கள் இருக்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு வேடிக்கை உண்டு. ரைபிளுக்கென்றே பிறந்த தோட்டாவுக்கும் அதே அளவில் ஒரு கைத்துப்பாக்கி வந்துவிட்டால் சிக்கல்தான். ரஷ்யாவின் 5.45 மி.மீ. 7என்6 தோட்டாவின் இறக்குமதி 2014-இல் அப்படித்தான் நின்றது. பச்சை முனை எம்855-க்கு 1986-லேயே விலக்கு கொடுத்திருந்தார்கள். 2015 பிப்ரவரியில் அந்த விலக்கை எடுத்துவிடலாம் என்று, துப்பாக்கிச் சட்டங்களைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏடிஎஃப் அறிவித்தது. பொதுமக்களிடமிருந்து 80,000-க்கும் மேற்பட்ட கருத்துகள் குவிய, மார்ச்சிலேயே கைவிட்டது. அதன் நுனியில் மட்டும்தான் எஃகு, பின்னால் ஈயம். 'முழுக்க' என்ற சொல்லுக்குள் அது எப்படி வரும் என்று அன்று கேட்டவர்கள் பக்கம்தான் நானும்.

சரி, ரேஞ்ச். வாசலில் இருப்பவர் உங்கள் பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து, முனையில் காந்தத்தை வைப்பார். ஒட்டினால் வெளியே. பின்சுவரின் எஃகுத் தகடு பாழாகும், தீப்பொறி பறக்கும் என்பது அவர்கள் கவலை, சட்டம் அல்ல. உள்ளே வெறும் ஈயம் இருந்து, செம்புப் பூச்சுக்கு அடியில் மெல்லிய எஃகு உறை மட்டும் இருந்தாலும் காந்தம் ஒட்டும். சட்டப் பட்டியலில் உள்ள பித்தளையோ ஒட்டவே ஒட்டாது. ஆகவே மலிவு விலைத் தோட்டா வாங்குவதற்கு முன் உங்கள் ரேஞ்சுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.