நாலாம் நாள் கிளறினால்?

கேள்வி: மாடித் தோட்டம் போட்டால் பொறுமை வரும் என்றார்கள். போட்டு ஆறு மாதமாகிறது. பாகல் விதை ஊன்றிய நாலாம் நாளே குச்சியால் கிளறிப் பார்த்தேன், முளை முறிந்துவிட்டது. அலுவலகத்திலும் இதே கதைதான். புதிதாகச் சேர்ந்த பையனிடம் கணக்கு வேலை கொடுத்துவிட்டு அரை மணிக்கொரு தடவை 'ஆச்சா?' என்று கேட்கிறேன். எனக்குப் பொறுமையே வராதா?
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: வரும். தொட்டி வாங்கி வைத்ததற்காக மட்டும் வராது.

பாகல் விதைக்குத் தோல் தடிப்பு. ஒரு ராத்திரி ஊறவைத்து ஊன்றினாலும் முளை தலைகாட்ட ஒரு வாரம், பத்து நாள் ஆகும். நாலாம் நாள் உள்ளே வேர் இறங்கிக்கொண்டிருக்கும். வெள்ளையாக, தீக்குச்சி கனம்கூட இல்லாமல். அதைத்தான் முறித்தீர்கள். கொடி ஏறிய பிறகும் முதலில் ஆண் பூவாகவே பூக்கும். அடியில் குட்டிப் பாகலோடு பெண் பூ வருவது அப்புறம்தான். 'இது காய்க்காது' என்று அந்த நேரத்தில் கொடியைப் பிடுங்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

அந்தப் பையன் விஷயமும் அப்படித்தான். நீங்கள் கேட்கும் ஒவ்வொரு தடவையும் அவர் கணக்கை விட்டுவிட்டு உங்களுக்குப் பதில் சொல்கிறார். அப்புறம் விட்ட வரியைத் தேட வேண்டும். தாமதத்தில் ஒரு பங்கு உங்களுடையது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவும் சொல்லமாட்டேன். இலைக்கு அடியில் அசுவினிப் பூச்சியைப் பார்த்தால் அன்றே வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்க வேண்டும். பையன் முதல் பக்கத்திலேயே தப்பாகப் போட்டால் அன்றே சொல்ல வேண்டும். அங்கே 'பொறுத்துப் பார்ப்போம்' என்பது சோம்பல்.

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்து, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அங்கே என் பெரியப்பா, அறுபது தாண்டிய வயசில், மறுபடி பலாக்கொட்டை ஊன்றினார். கொட்டையிலிருந்து வரும் மரம் காய்க்க ஏழெட்டு வருஷமாகும். 'இந்த வயசில் யாருக்கு?' என்று கேட்டார்கள். அவர் ஊடே மல்லாட்டை (நிலக்கடலை) போட்டார், உளுந்து போட்டார், ஆடு கடிக்காமல் கன்றைச் சுற்றி முள் வைத்தார். வேலை ஓடிக்கொண்டிருந்ததால் வருஷங்கள் அவருக்குப் பாரமாகவே இல்லை. முதல் பலாவை அறுத்தபோது எங்கள் வீட்டுக்கும் நாலு சுளை வந்தது.

சரி, மறுபடி ஊன்றுங்கள். பத்து நாளைக்கு அந்தக் குச்சியை மாடிக்குக் கொண்டுபோகாதீர்கள். பையனிடம் காலையில் வேலையைச் சொல்லும்போதே 'நாலு மணிக்குப் பார்க்கிறேன்' என்று சொல்லிவிடுங்கள். நாலு மணிவரை உங்கள் மேஜையில் கிடப்பதைப் பாருங்கள்.