பாம்புக் கூண்டில் சூடும் ஈரமும்: கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வெப்பம், ஈரப்பதம் இரண்டையும் பற்றித்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். வெப்ப அளவுகள் எல்லாம் செல்சியஸில்.

பால் பைத்தான் (ball python, பந்து போலச் சுருளும் மலைப்பாம்பு) வாங்கியிருக்கிறேன் மேடம். கூண்டை எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும்?

ஒரே டிகிரியில் வைக்கக் கூடாது. பாம்பு உடம்புச் சூட்டைத் தானாக உண்டாக்கிக்கொள்ளாது, இடம் மாறி மாறித்தான் சரிசெய்துகொள்ளும். அதனால் கூண்டின் ஒரு முனை 31 முதல் 33 வரை, மறுமுனை 25 முதல் 27 வரை இருக்கட்டும். கார்ன் ஸ்நேக் என்றால் சூடான முனை 29 முதல் 31, குளிர்ந்த முனை 22 முதல் 24 போதும். இரவில் சூடான முனை இரண்டு மூன்று டிகிரி இறங்கினால் ஒன்றும் ஆகாது.

இதில் பலர் கோட்டை விடுவது மறைவிடத்தில்தான். ஒன்றே ஒன்றை வாங்கிக் குளிர்ந்த பக்கம் வைத்துவிடுகிறார்கள். மிரண்ட பாம்பு சூட்டைத் தேடி வெட்டவெளிக்கு வராது, ஒளிந்தபடியே குளிரில் கிடக்கும். தின்றது செரிக்காமல் இரையைக் கக்கவும் செய்யும். இரண்டு முனையிலும் உடம்பு நெருக்கமாக அடங்கும் அளவில் ஒவ்வொரு மறைவிடம் வையுங்கள்.

காலையில் ஈரப்பதம் 75 சதவீதம் காட்டுகிறது. சூடேற்றும் விளக்கைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் 50க்குக் கீழே போய்விடுகிறது. நாள் முழுக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கிறேன். மீட்டர் கெட்டுவிட்டதா?

மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. அது காட்டுவது ஒப்பு ஈரப்பதம்: அந்தச் சூட்டில் காற்றால் தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்ற கணக்கு. காற்று சூடாக ஆக அதன் கொள்ளளவு கூடும். 24 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 22 கிராம் நீராவியைத் தாங்கும், 32 டிகிரியில் சுமார் 34 கிராம். நீங்கள் காலையில் பார்த்த 75 சதவீதக் காற்றை அப்படியே 32க்குச் சூடாக்கினால், துளி ஆவி குறையாமலேயே மீட்டர் 48 பக்கம் வந்து நிற்கும். அதனால் எண்ணைப் படிக்கும்போது எந்த முனையில், எந்தச் சூட்டில் படிக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நான் மீட்டரைக் குளிர்ந்த முனையில், தரையை ஒட்டி வைக்கத்தான் சொல்வேன். பாம்பு படுத்திருப்பது தரையில், கூரையில் இல்லை.

அப்புறம் அந்தத் தெளிக்கும் வேலை. தெளித்த ஈரம் மேலாக நின்று சட்டென்று காய்ந்துவிடும், எண் ஏறி இறங்குவதைப் பார்த்து நமக்குத்தான் ஒரு திருப்தி. தேங்காய் மட்டைத் துண்டு அல்லது நார்த்தூளை அடித்தளமாக எட்டுப் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போட்டு, மூலைகளில் மட்டும் தண்ணீரை ஊற்றுங்கள். அடியில் ஈரம், மேலே காய்ந்த தளம் என்று இருந்தால் ஈரம் மெதுவாக, நாள்கணக்கில் எழும்பும். கம்பி வலை மூடி போட்ட கண்ணாடித் தொட்டி என்றால் எவ்வளவு ஊற்றினாலும் மேலே ஓடிவிடும். விளக்கு இருக்கும் இடத்தைத் தாராளமாக விட்டுவிட்டு வலையின் மற்ற பகுதியில் முக்கால்வாசியை மூடுங்கள். பால் பைத்தானுக்கு 55 முதல் 70 வரை நின்றால் நிம்மதியாக இருங்கள்.

எங்கள் பாம்பின் வயிற்றுச் செதில்களில் செம்பழுப்புப் புள்ளிகளும் சிறு கொப்புளங்களும். ஈரம் குறையக் கூடாது என்று அடித்தளத்தைச் சொதசொதவென்று வைத்திருந்தேன்.

செதில் அழுகலாக இருக்கலாம். உடனே அடித்தளத்தை எடுத்துவிட்டு வெறும் காகிதம் விரித்து, பாம்பைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காற்றில் ஈரம் வேண்டும், வயிற்றுக்கடியில் சகதி கூடாது. ஈரத்தோடு காற்றோட்டமும் செத்துப்போனால் அடுத்து மூச்சுத் தொற்று வரும். வாயைத் திறந்தபடி மூச்சு விடுவது, மூக்கில் குமிழி, கொழகொழவென்ற எச்சில், இதெல்லாம் அதன் அறிகுறி.

ஹீட் மேட்டுக்கு (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) தெர்மோஸ்டாட் (சூட்டை அளவோடு நிறுத்தும் கருவி) தேவையில்லை, அது தானாகவே அளவாகச் சூடாகும் என்று விற்றவர் சொன்னார். சரிதானா அக்கா?

சரியில்லை. கட்டுப்பாடு இல்லாத மேட்டின் பரப்பு 40 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். சூடு சுடுகிறது என்று பாம்பு விலகிவிடும் என நினைக்காதீர்கள், வயிறு வெந்துகொண்டிருக்கும்போதே அதன்மேல் சுருண்டு கிடக்கும். சூடாகும் செயற்கைக் கல் வேண்டவே வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். முதலில் தெர்மோஸ்டாட், அப்புறம்தான் பாம்பு என்பது என் கட்சி.

மேட்டைத் தொட்டிக்கு வெளியே அடியில் ஒட்டுங்கள். தெர்மோஸ்டாட்டின் உணர்வுமுனை மேட்டுக்கும் தொட்டிக்கும் நடுவில் அசையாமல் இருக்கட்டும். தொட்டிக்குள் வைத்தால் பாம்பு அதைப் புரட்டிப் போடும், அல்லது அதன்மேல் தண்ணீரைக் கவிழ்க்கும். முனை குளிர்ந்துவிட்டது என்று நினைத்துக் கருவி மேட்டை விடாமல் எரிய விடும். அகச்சிவப்பு வெப்பமானியால் மறைவிடத்தின் தரையை அளந்து கருவியைத் திருத்திக்கொள்ளுங்கள். ஆழமாக அடித்தளம் போட்டிருந்தால் கீழிருந்து வரும் சூடு மேலே ஏறாமல் தேங்கும். அப்படிப்பட்ட தொட்டிக்கு மேலிருந்து சூடு கொடுப்பதே நல்லது.

சட்டை துண்டு துண்டாக உரிந்தது. ஒரு கண்ணில் பழைய படலம் அப்படியே இருக்கிறது. இடுக்கியால் எடுத்துவிடலாமா?

கையை வைக்காதீர்கள். பழைய படலத்தோடு அடியில் உள்ள புதியதும் பிய்ந்தால் கண்ணே போய்விடும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் நுழைவழி வெட்டி, நனைத்துப் பிழிந்த ஸ்பாக்னம் பாசியை (ஈரத்தைப் பிடித்து வைக்கும் பாசி) நிரப்பிச் சூடான பக்கத்தை ஒட்டி வையுங்கள். பெரும்பாலும் அடுத்த சட்டையோடு சேர்ந்து வந்துவிடும். அப்போதும் வராவிட்டால் மருத்துவர். அடுத்த முறை சட்டை உரிக்கும் முன் கண் நீலம் பூக்கும்போதே அந்த ஈர டப்பா தயாராக இருக்கட்டும்.

நாள் பூராவும் தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடக்கிறது. வறட்சியா?

இருக்கலாம், ஆனால் முதலில் சூடு கூடியிருக்கிறதா என்று பாருங்கள். குளிர்ந்த முனையே 30ஐத் தொட்டால் அதற்குப் போக வேறு இடமில்லை. அளவுகள் சரியென்றால் தண்ணீரில் மிளகுத்தூள் போலக் கறுப்புப் புள்ளிகள் மிதக்கின்றனவா பாருங்கள். மிதந்தால் உண்ணி.

ஈரப்பதம் பார்க்க முள் வைத்த வட்ட மீட்டர் போதுமா?

நம்ப முடியாது, டிஜிட்டல் வாங்குங்கள். அதையும் ஒரு முறை சோதித்துவிடுங்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பை எடுத்துச் சில துளி தண்ணீர் விட்டுக் குழையுங்கள், கரைந்துவிடக் கூடாது. அதையும் மீட்டரையும் காற்றுப் புகாத பைக்குள் ஓர் இரவு வைத்தால் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் அந்த 5ஐ எப்போதும் கூட்டிப் படியுங்கள்.

இரவில் சிவப்பு விளக்கு?

வேண்டாம், இருட்டுதான் வேண்டும். அறை ரொம்பக் குளிர்ந்தால் வெளிச்சம் தராத பீங்கான் ஹீட்டரைத் தெர்மோஸ்டாட்டோடு போடுங்கள், பாம்பு தொட முடியாதபடி ஹீட்டரைச் சுற்றிக் கம்பிக் கூடு கட்டி.

கரண்ட் பல மணி நேரம் போய்விட்டால்?

பதற வேண்டாம். நலமாக இருக்கும் பாம்பு சில மணி நேரக் குளிரைத் தாங்கும். காற்றுக்கு இடைவெளி விட்டுக் கூண்டைப் போர்வையால் சுற்றுங்கள், வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். மெழுகுவத்தியெல்லாம் பக்கத்தில் வேண்டாம். சூடு திரும்பி ஒரு நாளாவது நிலையாக நின்ற பிறகு இரை கொடுங்கள்.