லினக்ஸில் என் பில் பிரிண்டர் சூடோ (நிர்வாகி அதிகாரம்) போட்டால்தான் அடிக்கிறது, இல்லாவிட்டால் 'பெர்மிஷன் டினைட்' என்கிறது. சிமோட் 777 போட்டு எல்லோருக்கும் முழு அனுமதி கொடுத்துவிடலாமா?

வேண்டாம். போட்டால் இன்றைக்கு அடிக்கும். கேபிளைக் கழற்றி மாட்டியதும் மறுபடி நின்றுவிடும்.

என் சித்தப்பா சிங்கப்பூர் பஃபலோ ரோட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். பழைய லேப்டாப் ஒன்றில் டெபியன் லினக்ஸ் போட்டு, 58 மில்லிமீட்டர் தாளில் அடிக்கும் சின்ன பில் பிரிண்டரை மாட்டி, பைத்தானில் ஒரு நிரலும் எழுதிக் கொடுத்தேன். உங்களுக்கு வரும் அதே 'பெர்மிஷன் டினைட்' எனக்கும் வந்தது. அவசரத்துக்கு சிமோட் 666 (எல்லோரும் படிக்கலாம், எழுதலாம்) போட்டேன், அடித்தது. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், தேக்கா வட்டாரமே நெரிசலில் திணறிய மாலையில் சித்தப்பா கூப்பிட்டார்: "ஏம்பா, நேத்து வரைக்கும் அடிச்சுதே, இப்ப என்ன ஆச்சு?" அரிசி மூட்டையை நகர்த்தியபோது கேபிள் கழன்று, திரும்ப மாட்டியிருக்கிறார்கள். அவ்வளவுதான். அன்று இரவு வரை பில்லைக் கையால் எழுதினார். வரிசை அஞ்சடியை (கடை முன்னால் உள்ள நடைபாதையை) தாண்டி நின்றது.

ஏன் அப்படி? டெவ் அடைவில் இருப்பவை வட்டில் தங்கும் கோப்புகள் இல்லை. சாதனத்தை மாட்டும்போது உருவாகும், கழற்றினால் போய்விடும். யார் தொடலாம் என்பதை ஒவ்வொரு முறையும், சாதனங்களைக் கவனிக்கும் யுடெவ் தன் விதிகளைப் பார்த்துப் புதிதாக முடிவு செய்கிறது. மாட்டும்போதெல்லாம் எண்ணும் மாறும்: முதலில் /டெவ்/பஸ்/யுஎஸ்பி/001/005, அடுத்த முறை 006. நான் அனுமதி கொடுத்த 005 இப்போது இல்லவே இல்லை. (பெயர்களை ஒலிப்படி எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.)

கப்ஸ் என்ற அச்சுச் சேவை வழியாக அச்சிடுபவர்களுக்கு 777 இன்னும் மோசம். பிரிண்டருடன் பேசும் அதன் பேக்எண்ட் கோப்பு ஒன்றை எல்லோரும் எழுதும்படி திறந்துவிட்டால், பாதுகாப்பில்லாத அனுமதி என்று சொல்லி கப்ஸ் அதை இயக்கவே மறுத்துவிடும்.

சரி, எங்கே பார்ப்பது? /டெவ்/யுஎஸ்பி/எல்பி0 இருக்கிறதா என்று எல்எஸ் -எல் போட்டுப் பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் உரிமையாளர் ரூட் (நிர்வாகி), குழு எல்பி, அனுமதி 660 (இவர்கள் மட்டும் படிக்கலாம், எழுதலாம்) என்று இருக்கும். அப்படியானால் உங்கள் பயனரை எல்பி குழுவில் சேர்த்தால் போதும்: சூடோ யூசர்மாட் -ஏஜி எல்பி, பிறகு உங்கள் பயனர்பெயர். அந்த 'ஏ'வை விட்டுவிடாதீர்கள். விட்டால் சூடோ குழு உட்பட மற்ற கூடுதல் குழுக்களிலிருந்து நீங்கள் விலக்கப்படுவீர்கள். அப்புறம் முழுமையாக வெளியேறி உள்நுழையுங்கள். எல்பிஅட்மின் குழு வேறு. அது கப்ஸில் பிரிண்டர்களை நிர்வகிப்பதற்கு.

எல்பி0 இல்லையென்றால் உங்கள் நிலைமையும் சித்தப்பா கடை நிலைமையாக இருக்கலாம். வழக்கமான பிரிண்டர் தன்னை யுஎஸ்பி வகுப்பு 07 என்று அறிவித்துக்கொள்ளும். யுடெவின் இயல்பு விதி அதைப் பார்த்து எல்பி குழுவுக்குக் கொடுக்கும். மலிவான பில் பிரிண்டர்களில் சில 'தயாரிப்பாளரின் சொந்த வகை' என்று அறிவிக்கின்றன. விதி பொருந்தாது. /டெவ்/பஸ்/யுஎஸ்பி கீழே உள்ள அதன் கோப்புக்குக் குழுவும் ரூட், அனுமதி 664. மற்றவர்கள் படிக்கலாம், எழுத முடியாது. உங்களை எல்பி குழுவில் சேர்த்தாலும் இங்கே அது மட்டும் போதாது.

அதனால் விதியை நாமே எழுத வேண்டும். எல்எஸ்யுஎஸ்பி போட்டால் பிரிண்டரின் வரியில் முக்காற்புள்ளியின் இருபுறமும் நான்கு நான்கு எழுத்துகள் தெரியும்: முதலாவது தயாரிப்பாளர் எண், அடுத்தது பொருள் எண். /ஈடிசி/யுடெவ்/ரூல்ஸ்.டி அடைவில் 60 என்று தொடங்கி .ரூல்ஸ் என்று முடியும் கோப்பில் ஒரே வரி: சப்சிஸ்டம் யுஎஸ்பி, இந்த இரண்டு எண்கள், மோட் 0660, குரூப் எல்பி. முதல் மூன்றும் ஒப்பிடுபவை, அவற்றுக்கு இரட்டைச் சமக்குறி. கடைசி இரண்டும் கொடுப்பவை, ஒற்றைச் சமக்குறி. எனக்கு ஒரு மணி நேரம் போனது இந்த இடத்தில்தான்.

சூடோ யுடெவ்அட்ம் கன்ட்ரோல் --ரீலோட் போட்டு, கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். மறுபடி எல்எஸ் -எல், இந்த முறை /டெவ்/பஸ்/யுஎஸ்பி கீழே வந்த புதிய எண்ணுக்கு. ரூட், எல்பி என்று வந்துவிட்டால், எல்பி குழுவில் உள்ள யாரும் சூடோ இல்லாமல் அடிக்கலாம். இன்னும் ரூட், ரூட் என்றே வந்தால் எண்களைப் பாருங்கள். அவற்றில் வரும் ஆங்கில எழுத்துகள் சிறிய எழுத்தாகவே இருக்க வேண்டும்.