குட்டிக்கு வீடு தேடுகிறீர்களா? கேள்வி-பதில்

கார்த்திகை, மார்கழி வந்தால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி நாய்க்குட்டி பற்றியதுதான். இந்த முறை வந்தவற்றில் சில.

செக்காலை வாசகர்: மழையில் கிடந்த குட்டியை எடுத்து வைத்திருக்கிறோம். எப்போது தத்துக் கொடுக்கலாம்?

வயது எழுதவில்லை, எடை எழுதவில்லை, ஆணா பெண்ணா என்றுகூட இல்லை. ஜோசியம் எனக்குத் தெரியாது. வாயைத் திறந்து பாருங்கள். பல்லே இல்லையென்றால் மூன்று வாரத்துக்குள். பால்பல் வரிசையாக ஊசிபோல் வந்திருந்தால் சுமார் இரண்டு மாதம். அதற்கு முன் கொடுக்காதீர்கள். அதற்காக, ‘இன்னும் கொஞ்சம் தேறட்டும்’ என்று இழுத்தடிக்கவும் வேண்டாம். புது மனிதர்களிடம் பயமில்லாமல் ஒட்டிக்கொள்ளும் வயது மூன்று மாதத்தோடு ஏறக்குறைய முடிந்துவிடும்.

கோட்டையூர் வாசகி: என்னென்ன ஊசி போட்டுக் கொடுக்க வேண்டும்?

இரண்டு மாதத்துக்குள் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய்களுக்கான முதல் ஊசி. பிறகு மூன்று, நான்கு வார இடைவெளியில் நாலு மாதம் ஆகும் வரை. ரேபிஸ் மூன்றாம் மாதத்தில். பூச்சி மருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை. ஊசி அட்டை குட்டியோடு போக வேண்டும். ‘எல்லாம் போட்டாச்சு’ என்று வாயால் சொல்வது கணக்கில்லை.

கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர்: பிள்ளைகள் வெளிநாட்டில், நான் சென்னையில். ஊர் வீடு பூட்டிக் கிடக்கிறது. காவலுக்கு ஒரு ஆண் குட்டி வேண்டும். வாட்ச்மேன் காலையில் வந்து சோறு வைத்துவிடுவார்.

ஆச்சி, கோபித்துக்கொள்ளாதீர்கள். கொடுக்கக் கூடாது என்றுதான் சொல்வேன். இந்தக் கடிதம் வருஷத்துக்குப் பத்தாவது வருகிறது. செட்டிநாட்டுப் பெரிய வீடு; முகப்பு ஒரு தெருவில், கொல்லை அடுத்த தெருவில். பொங்கலுக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் கதவு திறக்கும். அங்கே முகப்புத் தூணில் இரண்டு மாதக் குட்டியைக் கட்டிப் போட்டால் என்ன ஆகும்? அந்த வயதில் ஒரு நாளைக்கு நாலு வேளை தீனி வேண்டும். கிடைப்பது ஒரு வேளை. முதல் வாரம் ராத்திரி முழுக்க அழும். பிறகு போகிறவர் வருகிறவரையெல்லாம் பார்த்துக் குரைக்கும். பையன்கள் கல்லெறிவார்கள். ஒருநாள் சங்கிலி அறுந்து யாரையாவது கடிக்கும். அப்போது வாட்ச்மேனுக்கு போன் வரும், ‘எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடு’ என்று. வளர்த்த பிராணியை அப்படிக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

திருட்டுப் பயம் என்றால் நல்ல பூட்டும் கேமராவும் வையுங்கள். குட்டிக்குக் காவல் புத்தி வரவே ஒரு வருஷம் ஆகும். வாட்ச்மேன் குடும்பம் ஆசைப்பட்டால் குட்டி அவர் வீட்டில் வளரட்டும். தீனிச் செலவும் ஊசிச் செலவும் நீங்கள் கொடுங்கள். அதற்கு நான் சம்மதம்.

குட்டியை வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். பெரிய வீடு என்றதும் மயங்கிவிடுகிறீர்கள். ‘ராத்திரி வீட்டில் யார் படுப்பார்கள்?’ என்று கேளுங்கள். வீட்டை நேரில் பார்க்காமல் குட்டியைக் கொடுக்காதீர்கள். பஸ் ஸ்டாண்டில் கைமாற்றுகிற வேலையே வேண்டாம்.

தேவகோட்டை வாசகர்: மூன்றும் பெண் குட்டி. யாரும் கேட்பதில்லை. ஆண் என்று சொல்லிக் கொடுத்துவிடலாமா?

கொடுங்கள். ஆறே மாதத்தில் உங்கள் வாசலுக்கே திரும்பி வரும். பொய்க்குப் பதில், ‘ஆறு மாதத்தில் கருத்தடைச் செலவு என்னுடையது’ என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுங்கள்; பாதிப் பேருடைய தயக்கம் அங்கேயே தீர்ந்துவிடும். போட்டோ எடுக்கும்போது பக்கத்தில் ஒரு செருப்பை வையுங்கள், குட்டியின் அளவு தெரியும். அப்புறம், வீட்டைப் பார்க்காமல் கொடுக்காதீர்கள்.

பள்ளத்தூர் வாசகி: போன மாதம் எங்கள் குட்டி ரத்தக் கழிச்சலில் இறந்துவிட்டது. பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டோம். வேறு குட்டி எடுக்கலாமா?

பெரும்பாலும் பார்வோவாக இருக்கும். பினாயிலை நம்பாதீர்கள். ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து தரையைக் கழுவிப் பத்து நிமிஷம் ஊறவிடுங்கள். கொல்லை மண்ணில் அந்தக் கிருமி மாதக்கணக்கில் கிடக்கும். அதனால் பிஞ்சுக் குட்டி வேண்டாம். ஊசியெல்லாம் முடிந்த, நாலு மாதம் தாண்டியதாகப் பாருங்கள்.

புதுவயல் வாசகர்: விளையாடும்போது குட்டி பையனைக் கடித்து லேசாக ரத்தம் வந்தது. மஞ்சள் வைத்தோம். போதுமா?

கடிதம் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற விஷயமா இது? மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். முதல் ஊசி அன்றே. அடுத்தவை 3, 7, 28-ஆம் நாட்களில். குட்டிக்கும் ரேபிஸ் இருக்கலாம். பத்து நாள் கண்காணிப்பில் வையுங்கள். அதுவரை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

காரைக்குடி வாசகி: தத்தெடுத்த குட்டி நாலு காலையும் பரப்பி வழுக்கி வழுக்கி நடக்கிறது. எலும்பில் கோளாறா? பால் மட்டும்தான் கொடுக்கிறோம்.

உங்கள் வீட்டில் ஆத்தங்குடிக் கல் என்று எழுதியிருக்கிறீர்கள். எண்ணெய் போட்டுத் துடைத்த அந்தத் தரையில் பெரியவர்களே பார்த்துத்தான் நடக்க வேண்டும். குட்டி நடமாடும் இடத்தில் சாக்கு விரியுங்கள். மண்தரையிலும் அப்படியே நடந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். பால் மட்டும் என்றால் சத்துப் போதாது, மாட்டுப்பால் கழிச்சலையும் கொண்டுவரும். குழைந்த சோற்றில் வேகவைத்த முட்டையோ, எலும்பு எடுத்த கோழிக்கறியோ பிசைந்து கொடுங்கள். வீட்டுக் குழம்பு ஊற்றாதீர்கள். வெங்காயம் நாய்க்கு ஆகாது.